பரீட்சைக் காலத்து உடம்பு

கல்லூரி மாணவருக்கு வரும் மன அழுத்தத்தில் ஒரு பங்கு தேதி குறித்து வருகிறது. செமஸ்டர் அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஏறிய அன்றே, எந்த வாரம் தூக்கம் கெடும், எந்த வாரம் மெஸ் சாப்பாடு இறங்காது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். வேலை போவது, நெருங்கியவர் இறப்பது, வீட்டில் சண்டை என்று மனிதரை வாட்டும் மற்றவை எதுவும் இப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை. தேர்வு மட்டும் சொல்லிவிட்டு வருவதால், ஆய்வாளர்கள் அளவுக் கருவிகளோடு முன்கூட்டியே போய்க் காத்திருக்க முடிகிறது. மன அழுத்தத்தைப் பற்றியும் அதைத் தணிக்கும் உத்திகளைப் பற்றியும் இன்று தெரிந்திருப்பதில் கணிசமான பகுதி கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனைகளிலிருந்து கிடைத்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவு உயர்வானதல்ல: பேராசிரியர்களின் கைக்கு எளிதில் அகப்படுகிறவர்கள் மாணவர்கள்தாம்.

அந்தச் சோதனைகளில் விசித்திரமான ஒன்று 1998-இல் வெளியானது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்த 11 மாணவர்கள், தங்கள் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஒரு சிறு காயம் ஏற்படுத்த ஒப்புக்கொண்டார்கள். முதல் காயம் கோடை விடுமுறையில். இரண்டாவது, அண்ணத்தின் மறுபக்கத்தில், பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. நாள்தோறும் காயத்தைப் படம் எடுத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு வைத்து நுரை வருகிறதா என்றும் பார்த்தார்கள். காயம் மூடிக்கொண்டால் நுரை நின்றுவிடும். தேர்வுக் காலத்துக் காயம் ஆறுவதற்கு விடுமுறைக் காயத்தைவிடச் சராசரியாக மூன்று நாள் அதிகம் பிடித்தது. கணக்கிட்டால் 40 விழுக்காடு தாமதம். பதினொரு பேரில் ஒருவருக்குக்கூடத் தேர்வு நேரத்தில் விடுமுறையைப் போல வேகமாக ஆறவில்லை. தேர்வு பயம் வெறும் மனப் பிரமை என்பவர்களுக்கு இந்த 11 வாய்களும் போதுமான பதில்.

உடம்பில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. மேற்பார்வையாளர் வினாத்தாள் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டதுமே சிம்பதெடிக் நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி சில நொடிகளில் அட்ரினலினை ரத்தத்தில் விடும். இதயம் வேகமெடுக்கும், வாய் உலரும், உள்ளங்கை வியர்த்து ஹால் டிக்கெட்டின் ஓரம் நனையும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விவரித்தது இந்தக் கட்டத்தைத்தான்: எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம். இரண்டாவது கட்டம் நிதானமாக வரும். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரீனலின் வெளிப்பகுதியைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் சுரக்கிறது. நெருக்கடி தொடங்கி 20, 30 நிமிடம் கழித்தே இது உச்சத்தைத் தொடும். கார்ட்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நோய் எதிர்ப்பு வேலைகளை அடக்கி வைக்கும். படித்துப் பதிந்ததை நினைவுக்குக் கொண்டுவரும் வேலையிலும் குறுக்கிடும். இரவெல்லாம் உருப்போட்ட வரையறை தேர்வறையில் தொண்டைக்குழியோடு நின்றுவிடுவதில் கார்ட்டிசாலுக்கும் பங்குண்டு.

இந்த நிலைமைக்கு ஒரு பொது வடிவம் உண்டு என்று முதலில் காட்டியவர் ஹான்ஸ் செலி. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் பணியாற்றிய அவர், தம் 29-ஆவது வயதில், 1936-இல், ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அறுவையால் காயப்படுத்தினாலும், சோர்ந்து விழும்வரை ஓடவிட்டாலும், மருந்தை அளவுமீறிக் கொடுத்தாலும் உள்ளே ஒரே மாதிரியான மாற்றங்கள் வருகின்றன என்றார்: அட்ரீனல் பெருக்கிறது, தைமஸ் சுருங்குகிறது, இரைப்பையும் குடலும் புண்ணாகின்றன. தேர்வு வாரத்து மாணவரின் பாடு அந்த எலியின் பாட்டைவிட எவ்வளவோ மேல் என்றாலும், சேதி போகும் பாதை அதேதான்.

படபடப்பு முழுவதுமே கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908-இல் சுண்டெலிகளை மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கியபோது, கடினமான பாடத்தை அவை மிக விரைவில் கற்றது நடுத்தர அதிர்ச்சியில்தான். மிகக் குறைவும் மிக அதிகமும் தாமதப்படுத்தின. ஆகவே கீழே வரும் உத்திகளின் நோக்கம் தேர்வறைக்குள் தூங்கி வழிவதல்ல.

அளப்பது எப்படி என்ற கேள்விக்கு ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்த விடை கொஞ்சம் கொடுமையானது. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான சோதனையில், வந்தவரிடம் வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேசுவதுபோலத் தம்மைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். எதிரே வெள்ளை அங்கி அணிந்த குழு ஒன்று உட்கார்ந்திருக்கும். சிரிப்பில்லை, தலையாட்டல் இல்லை. ஒலிவாங்கியும் கேமராவும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்ததும் 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்: 1009, 996, 983... ஒன்று தப்பினாலும் மறுபடி 1022-இலிருந்து. உமிழ்நீரை எடுத்துப் பார்த்தால் கார்ட்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியிருக்கும். வைவா அறைக்குள் போய் வந்த எவருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது. அன்றாட அளவுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஷெல்டன் கோஹனும் சக ஆய்வாளர்களும் 1983-இல் ஒரு வினாப் பட்டியலை வெளியிட்டார்கள். கடந்த ஒரு மாதத்தில் காரியங்கள் கைமீறிப் போவதாக எவ்வளவு அடிக்கடித் தோன்றியது என்பதுபோன்ற கேள்விகளுக்கு 0 முதல் 4 வரை மதிப்புக் கொடுக்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படுவது பத்துக் கேள்விகள் கொண்ட வடிவம். மொத்த மதிப்பெண் 40. இது நோயைக் கண்டறியும் கருவியல்ல. ஒரே ஆளின் இரண்டு மாதங்களை ஒப்பிட நன்றாக உதவும்.

மூச்சை நீட்டி விடுதல்

இதயத்துடிப்பையும் செரிமானத்தையும் வியர்வையையும் மனிதர் நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. மூச்சை மாற்ற முடியும். தன்னிச்சையாக நடக்கும் உடல் வேலைகளுக்குள் கையை விட்டுத் திருப்ப வாய்த்திருக்கும் ஒரே வழி என்பதால்தான், எல்லா உத்திப் பட்டியல்களிலும் மூச்சு முதலில் வருகிறது. இதை மணிக்கட்டில் விரல் வைத்தே கண்டுகொள்ளலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது. வெளியே விடும்போது தளர்கிறது. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி உள்மூச்சில் தளர்ந்து வெளிமூச்சில் இறுகுவதால் இப்படி. எனவே வெளிமூச்சு நீளும்போது, இதயம் தளர்ந்திருக்கும் நேரமும் நீள்கிறது.

ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இதை ஆறாகக் குறைத்தால், ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயலும் மூச்சும் ஒரே தாளத்தில் விழுந்து இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலையும் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரமும் மாறி மாறிச் சொல்லச் செய்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற கணக்கில் வந்து நின்றது. திருமந்திரம் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, ரேசகத்துக்கு 32 மாத்திரை என்று கணக்குச் சொல்கிறது. உள்மூச்சைப்போல வெளிமூச்சு இரு மடங்கு என்பதை மட்டும் புதியவர் எடுத்துக்கொண்டால் போதும். நடுவிலுள்ள 64 ஆசானிடம் பல காலம் பழகியவர்களுக்கு உரியது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2023-இல் வெளியான ஒரு சோதனை மூன்று மூச்சுப் பயிற்சிகளையும் மனக்கவனத் தியானத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு மாதம். நான்கு குழுக்களிலும் பதற்றம் குறைந்தது. மனநிலை மிகுதியாகத் தேறியதும் மூச்சு வேகம் மிகுதியாகக் குறைந்ததும் பெருமூச்சுக் குழுவில். செய்முறை எளிது: மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதை விடாமலே மேலும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாயால் நீளமாக விடுவது. தேர்வறையில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்பது இதன் பெரிய சிறப்பு. வேகவேகமாக ஆழமாக இழுத்தால் எதிர்விளைவு உண்டு: ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். மூச்சுப் பயிற்சியால் கிடைக்கும் நிதானம் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் நிற்பது. படிக்காமல் விட்ட இரண்டு யூனிட்டை அது படித்துத் தராது.

தசையும் தியானமும்

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்து, தசை முழுவதும் தளர்ந்திருக்கும்போது மனம் பதறியிருக்க முடியாது என்பது. அவர் முறையில் முழுத் தேர்ச்சி பெற மாதக்கணக்கில் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் சுருக்கினார்கள். 1973-இல் வெளியான ஒரு கையேடு உடம்பை 16 தசைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஐந்து முதல் ஏழு நொடி இறுக்கி, அரை நிமிடத்துக்கு மேல் தளரவிடச் சொல்கிறது. வலக்கை முட்டியில் தொடங்கி, மேற்கை, நெற்றி, தாடை, கழுத்து என்று போய்ப் பாதத்தில் முடியும். இறுக்குவது எதற்கு என்றால், தளர்ச்சி எப்படியிருக்கும் என்பதை அதற்கு எதிரானதை வைத்துத்தான் பெரும்பாலோர் உணர்கிறார்கள். ஆறு மணி நேரம் மேசையில் குனிந்து படித்தவர் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருப்பதை, ஒருமுறை வேண்டுமென்றே தூக்கி இறக்கினால்தான் கண்டுகொள்வார். ஹாஸ்டல் கட்டிலில் படுத்துச் செய்தால் பாதியிலேயே தூங்கிவிடுவோரும் உண்டு. இரவில் அது நஷ்டமல்ல.

தியானத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் ஜான் கபாட்-ஜின் முக்கியமானவர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-இல் அவர் தொடங்கிய எட்டு வாரப் பாடத்திட்டம் பௌத்தப் பயிற்சியிலிருந்து சமயத்தை விலக்கி, கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மூச்சைக் கவனி, மனம் அலைந்தால் அலைந்ததைக் கவனி, திட்டாமல் திரும்பக் கொண்டுவா என்பதே சாரம். மாணவர்களிடம் இது பலிக்கிறதா என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெரிய அளவில் பார்த்தது. 2015-16 கல்வியாண்டில் 616 மாணவர்கள் முன்வந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு எட்டு வார வகுப்பு; மற்றவர்களுக்கு வழக்கமான ஆலோசனை வசதி மட்டும். தேர்வுப் பருவத்தில் எல்லோருடைய மனத்துயரையும் அளந்தபோது, மருத்துவக் கவனம் தேவைப்படும் எல்லையைத் தாண்டியவர்கள் வகுப்புக்குப் போனவர்களில் 37 விழுக்காடு, போகாதவர்களில் 57 விழுக்காடு.

பெரிய வித்தியாசம்தான். உடனே எல்லா வகுப்பறையிலும் தியானத்தைக் கட்டாயமாக்கலாமா? பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான இளம் மாணவர்களுக்குப் பாடவேளையிலேயே கற்றுக்கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வழக்கமான பாடத்தைவிட இது மேல் என்று காட்ட எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. வீட்டில் பயிற்சி செய்த பிள்ளைகள் மிகக் குறைவு. கேம்பிரிட்ஜில் வந்தவர்கள் தாமாக விரும்பி வந்தவர்கள், வயதிலும் மூத்தவர்கள். வகுப்பு கிடைக்காதவர்களுக்குத் தமக்குக் கிடைக்கவில்லை என்பதும் தெரியும். இந்த மூன்றும் முடிவைச் சாய்த்திருக்கக்கூடும். விரும்பாதவரை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னால் கண் மட்டும்தான் மூடும் என்று இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுகிறது. கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நடை நல்லது.

எழுதிப் பார்த்தல்

காகிதமும் பேனாவும் மாணவரிடம் எப்போதும் இருக்கும். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சான்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், 46 கல்லூரி மாணவர்கள் அடுத்தடுத்த நான்கு இரவுகள் 15 நிமிடம் எழுதினார்கள். சிலருக்கு அற்ப விஷயம். சிலருக்கு வாழ்க்கையில் தங்களை மிகவும் பாதித்த நிகழ்ச்சி. நிகழ்ச்சியோடு உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு மனம் நொந்திருந்தார்கள், அவர்களுடைய ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்கு அவர்கள் போனது மற்றவர்களைவிடக் குறைவு. அப்போதைக்குக் கசந்து பிறகு உதவும் உத்தியை, முதல் நாள் அனுபவத்தை வைத்துத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தேர்வுக்குச் சற்று முன்பே எழுதிவிடுவது இன்னொரு வகை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரெஸும் சியன் பெய்லாக்கும் 2011-இல், தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தங்கள் கவலையைத் தாளில் கொட்டிய மாணவர்கள் அதிக மதிப்பெண் வாங்கியதாகக் காட்டினார்கள். கவலை மூளையின் செயல்நினைவில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, எழுதினால் இடம் விடுபடுகிறது என்பது விளக்கம். பிறகு நடந்த மறுசோதனைகள் எல்லாவற்றிலும் இது இதே வலுவோடு வரவில்லை. ஆகவே முதல்முறையாகப் பல்கலைக்கழகத் தேர்வன்று செய்து பார்ப்பதைவிட இன்டெர்னலில் செய்து பார்ப்பது நலம்.

மூன்றாவது வகை இரவுக்குரியது. டெக்சாஸின் பெய்லர் பல்கலைக்கழகத் தூக்க ஆய்வுக்கூடத்தில் 57 இளைஞர்களைப் படுக்கப்போகுமுன் ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பாதி அன்று முடித்த வேலைகளை எழுதியது. மறுபாதி அடுத்த சில நாளில் செய்ய வேண்டியவற்றை. மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தால், செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கியிருந்தார்கள். பட்டியல் எவ்வளவு குறிப்பாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். ‘மேத்ஸ் படிக்கணும்’ என்பதைவிட ‘மூன்றாம் யூனிட், லாப்லாஸ், பத்துக் கணக்கு’ என்று எழுதுவது பலன் தரும்.

படபடப்பைக் குறைக்காமலே அதன் கெடுதலைக் குறைக்கவும் வழியுண்டு. ஜெரமி ஜேமிசன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குத் தயாரான மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு சிறு குறிப்பை வாசிக்கக் கொடுத்தார்கள்: தேர்வு நேரத்துப் படபடப்பு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, உதவவும் கூடும். அவ்வளவுதான். அவர்கள் மாதிரித் தேர்வில் கணிதத்தில் கூடுதலாக எடுத்தார்கள். பின்னர் எழுதிய உண்மைத் தேர்விலும் அப்படியே. உமிழ்நீர்ச் சோதனையில் அவர்களுடைய சிம்பதெடிக் நரம்புகள் மற்றவர்களைவிட அதிகமாகவே இயங்கிக்கொண்டிருந்தன. ‘டென்ஷன் ஆகாதே’ என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பும் பெற்றோர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

செமஸ்டர் முழுவதும் நடப்பது

இதுவரை சொன்னவை எல்லாம் அழுத்தம் வந்த பிறகு செய்பவை. வரும் அளவையே குறைப்பவை உத்திப் பட்டியல்களில் கடைசி வரியில் ஒதுங்கி நிற்கின்றன. பலனில் இவையே பெரியவை என்று சொல்லக் காரணம் இருக்கிறது.

டயேன் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997-இல் வேலையைத் தள்ளிப்போடும் கல்லூரி மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். பருவத் தொடக்கத்தில் தள்ளிப்போடுபவர்கள்தாம் நிம்மதியானவர்கள். மற்றவர்களைவிட அழுத்தமும் குறைவு, நோயும் குறைவு. பருவ முடிவில் கணக்கு திரும்பியது. இறுதியில் அவர்கள் பட்ட அழுத்தமும் நோயும் முதலில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

படிக்கும் முறையே மருந்தாகும் விந்தையை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2016-இல் காட்டியது. 120 மாணவர்களுக்குச் சொற்களும் படங்களும் கொண்ட பட்டியல்கள். ஒரு பாதி அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தது. மறுபாதி மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியது. மறுநாள் சிலரை ட்ரியர் பாணியில், எதிர்பாராத பேச்சும் கணக்கும் கொடுத்துக் கலக்கினார்கள். பார்த்துப் படித்தவர்களின் நினைவு கலக்கத்தில் சரிந்தது. சொல்லிப் பழகியவர்களின் நினைவு அசையவில்லை. ஸ்டடி ஹாலிடேயில் நோட்டில் மஞ்சள் கோடு போடுவதற்குப் பதில் நோட்டை மூடிவிட்டு வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது, கார்ட்டிசாலுக்கு எதிராக இன்று தெரிந்துள்ள நல்ல காப்புகளில் ஒன்று. அறை நண்பருக்குப் பாடம் நடத்துவதும் இதே வகைதான்.

தூக்கத்தைப் பற்றி மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: தேர்வுக்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கினால் போதும். எம்ஐடி-யில் வேதியியல் வகுப்பு ஒன்றின் மாணவர்களுக்குக் கையில் கட்டும் ஃபிட்பிட் கொடுத்து, பருவம் முழுவதும் 88 பேரின் தூக்கத்தைப் பதிந்தார்கள்; முடிவு 2019-இல் வெளியானது. முந்தைய இரவுத் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நீண்ட நேரமும் ஒழுங்காகவும் தூங்கியதற்கும் மதிப்பெண்ணுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல. திட்டமிட்டுப் படிப்பவர் திட்டமிட்டுத் தூங்கவும் கூடும். காபி விஷயத்தில் சோதனையே இருக்கிறது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்குத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-இல் ஓர் ஆய்வு கண்டது. அது பல கோப்பைக் காபிக்குச் சமம். பரீட்சைக் காலத்தில் அந்தக் கணக்கை எட்டுவோர் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் இருக்கிறார்கள்.

உடற்பயிற்சியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வு குறிப்பிடத்தக்கது. அசையாமல் உட்கார்ந்தே இருந்த 61 மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு 20 வாரம் ஓட்டப் பயிற்சி கொடுத்து, உண்மையான தேர்வு நாட்களில் அவர்கள் உடம்பை அளந்தார்கள். ஓடியவர்களின் இதயம் தேர்வு அழுத்தத்தை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கியது. இருபது வாரம் என்பது ஏறத்தாழ ஒரு செமஸ்டர். கடைசி வாரத்தில் ஓடத் தொடங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கால்வலி. பிராணிகளிடம் பிரியமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி: வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் பார்த்ததில், பத்து நிமிடம் நாயையும் பூனையையும் தடவிக்கொடுத்தவர்களின் கார்ட்டிசால், வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

பலித்ததா என்று பார்ப்பது

ஒரு மாணவர் மிகவும் நொந்துபோன வாரத்தில் தியானச் செயலி ஒன்றைப் போனில் இறக்குகிறார். பத்து நாளில் மனம் தேறுகிறது. செயலியால் தேறியதா? மிகவும் நொந்துபோன வாரத்துக்கு அடுத்து வருவது, எதையும் செய்யாவிட்டாலும், அதைவிடச் சற்று நல்ல வாரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று சளியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து இந்தச் சராசரிக்குத் திரும்பும் போக்கை விளக்கினார். உச்சத்தில் தொடங்கும் எந்த உத்தியும் தன் தகுதிக்கு மேல் நல்ல பெயர் வாங்கிவிடுகிறது. தேர்வு முடிந்தாலே அழுத்தம் இறங்கும் என்பதும், பலிக்கும் என்ற எதிர்பார்ப்பே கொஞ்சம் பலிக்கும் என்பதும் கணக்கை மேலும் குழப்புகின்றன.

தவிர்க்க வழியுண்டு. ஒரு நேரத்தில் ஓர் உத்தியை மட்டும் எடுக்க வேண்டும். பருவத்தின் அமைதியான வாரங்களில் தொடங்க வேண்டும். ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சிபோல அன்றன்று பலன் தருபவற்றுக்கு, நாள்தோறும் காலையில் நாணயம் சுண்டலாம். தலை விழுந்தால் அன்று பயிற்சி உண்டு, பூ விழுந்தால் இல்லை. இரவில் அன்றைய அழுத்தத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பும், தூங்கப்போன நேரமும் காலண்டரில் குறித்தால் போதும். சில வாரத்துக்குப் பிறகு தலை நாட்களின் சராசரியையும் பூ நாட்களின் சராசரியையும் ஒப்பிடலாம். நல்ல நாளில் மட்டும் பயிற்சி செய்யும் தந்திரத்தை நாணயம் அனுமதிக்காது. ஓட்டம், தியானம், தூக்க ஒழுங்கு போன்றவற்றின் பலன் மறுநாளும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இந்த முறை அவற்றுக்குப் பொருந்தாது. அவற்றை இரண்டு இன்டெர்னலுக்கும் இடையில் தொடங்கி, முதல் இன்டெர்னல் வாரத்தையும் இரண்டாம் இன்டெர்னல் வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோஹன் வினாப் பட்டியலையும் அதே வாரங்களில் நிரப்ப வேண்டும். ஒப்பீடு தேர்வு வாரத்துக்கும் தேர்வு வாரத்துக்கும் இடையில்தான், தேர்வு வாரத்துக்கும் விடுமுறைக்கும் இடையில் அல்ல.

உத்திகளின் எல்லை

அரியர் எண்ணிக்கை, கல்விக் கடன் தவணை, ராகிங், பிடிக்காத பாடப்பிரிவில் தள்ளப்பட்டது ஆகியவை பெருமூச்சால் தீராதவை. காரணம் வெளியே இருக்கும்போது, மாணவரின் நரம்பு மண்டலத்தை மட்டும் சரிசெய்யச் சொல்வது நிர்வாகங்களுக்கு வசதியான வழி. பேராசிரியர், துறைத் தலைவர், ராகிங் தடுப்புக் குழு, வங்கி என்று போக வேண்டிய இடத்துக்குப் போவதும் அழுத்தத்தைக் கையாளும் முறைதான்.

அழுத்தம் நோயாகியிருக்கவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று எட்டு நாடுகளில் 19 கல்லூரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் கேட்டு 2018-இல் வெளியிட்ட முடிவில், வாழ்நாளில் எப்போதாவது மனநலக் கோளாறு ஒன்றுக்கான அறிகுறிகள் இருந்தவர்கள் 35 விழுக்காடு. தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகியும் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, தூக்கமோ பசியோ திரும்பாமல் இருப்பது, திடீர்ப் பீதியில் மூச்சு முட்டுவது, சாராயத்தையோ மாத்திரையையோ நாடுவது ஆகியவை மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போக வேண்டிய அறிகுறிகள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்கக் கூடாது. இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.